தூரத்தைத் தொலைக்காதீர்கள்: விண்வெளிக் காதல் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்மீன்களுக்கு நடுவே பேரரசுகள் மோதிக்கொள்ளும். அந்தக் கலவரத்துக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பார்கள். ஸ்பேஸ் ஆப்பராவும் (விண்வெளிச் சாகசக் கதையும்) காதலும் சேர்ந்த இந்த வகைக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவ்வளவு பெரிய வானத்துக்கு முன்னாலும் ஒரு ஆளுக்காக இன்னொரு ஆள் காத்திருப்பது சின்ன விஷயமாகத் தெரியாது. இந்த வகையின் பலமே அதுதான். இங்கே கொடைக்கானலில் எழுதும் இளையவர்கள் சிலர் எனக்கு இப்படிப்பட்ட தொடர்கதைகளைப் படிக்கத் தருகிறார்கள். ஆசையோடு எழுதுகிறார்கள். ஆனால் சில சறுக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு தூரத்தை அழித்துவிடுவது. மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் கிளம்புகிறது, நான்காம் அத்தியாயத்தில் நாயகன் வீடியோ காலில் வந்து சிரிக்கிறான். அப்புறம் விண்வெளி எதற்கு? அதே கதையைச் சென்னைக்கும் துபாய்க்கும் நடுவில் வைத்தே எழுதிவிடலாம். ஒளிக்கே இங்கிருந்து செவ்வாய்க்குப் போக, இரண்டு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரிக்கு 4 வருடத்துக்கும் மேல். அங்கே இருப்பவனிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் வர எட்டரை வருடம். பதில் வரும்போது கேட்டவளுக்கு அந்தக் கேள்வி ஞாபகம் இருக்குமா? அவளுக்கு அவன்மேல் அதே அன்பு இருக்குமா? கதை அங்கேதான் இருக்கிறது.

காலமும் அப்படித்தான். ஒளியின் வேகத்தில் 86.6 சதவீதத்தில் போகும் கப்பலில் கடிகாரம் பாதி வேகத்தில் ஓடும். இங்கே குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறது, 2018-ல் பூத்தது. ஒரு பூப்பின்போது அந்தக் கப்பலில் கிளம்பி அடுத்த பூப்புக்குத் திரும்புகிறவனுக்கு 6 வயதுதான் கூடியிருக்கும், காத்திருந்தவளுக்கு 12. இதை வசனத்தில் விளக்க வேண்டாம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வாசகருக்குத் தெரிந்தால் போதும். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், பாலைக்குப் பிரிவு என்று நிலத்தோடு காதலைச் சேர்த்துப் பாடிய மரபு நம்முடையது. பிரிவை எழுத நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒளியை மிஞ்சும் கப்பல் வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், கடிதங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும் என்று ஏதாவது ஒரு தடை இருக்கட்டும்.

அடுத்தது, காதலிப்பதைத் தவிர நாயகிக்கு வேறு வேலையே இல்லாமல் போவது. பெயருக்கு விஞ்ஞானி என்று அறிமுகமாவாள், ஒரு கருவியைக்கூடத் தொட மாட்டாள். நம் மலையிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1896-ல் சூரிய கிரகணம் பார்க்க நார்வே போன குழுவில் வானியலாளர்கள் ஜான் எவர்ஷெட்டும் மேரியும் பழகினார்கள். 1906-ல் கல்யாணம், அடுத்த வருடம் கொடைக்கானல். சூரியன்மேல் கறுப்பாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் இங்கிருந்துதான் ஜான் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. மேரியும் சூரியனிலிருந்து எழும் பிழம்புகளை ஆராய்ந்தார், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கவிதையில் உள்ள வானியலைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஒரே வானத்தை இரண்டு பேரும் அவரவர் கண்ணால் பார்க்கிற காதலை எழுதிப் பாருங்கள், எவ்வளவு வசனம் தானாக வரும் என்று தெரியும்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயகியைக் கடத்திக்கொண்டு போவது, கட்டாயத் தாலி, அப்புறம் மனம் மாறுவது என்ற ஆன்டி ஹீரோ பாணி அப்படியே விண்கப்பலில் ஏறிவிட்டது. கப்பலில் காற்று அவன் கையில், கதவின் பூட்டு அவன் கையில், வெளியே போனால் சாவு. அந்த நிலையில் அவள் சொல்லும் "சரி"க்கு என்ன மதிப்பு? இறங்கிப் போக ஒரு வழியை முதலில் அவளுக்குக் கொடுங்கள். போக முடிந்தும் அவள் தங்கினால் நான் நம்புவேன்.

ஒரு கிரகம் முழுக்கப் பனி, இன்னொன்று முழுக்கப் பாலை, எங்கும் ஒரே மொழி என்று எழுதுவதும் வேண்டாம். நம் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டில் வெயில் கொளுத்தும். மேலே பண்ணைக்காட்டில் காபி, பூம்பாறையில் பூண்டு. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று அவரவர் மொழியோடு ஒரே மலையில் வாழ்கிறார்கள். ஒரு மலைக்கே இவ்வளவு என்றால் ஒரு உலகத்துக்கு எவ்வளவு இருக்கும்!

வெற்றிடத்தில் வெடிச் சத்தம் கேட்காது என்பது போன்றவற்றைத் திருத்துவது சுலபம், அதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள்.

முடிவில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எதிரி நாட்டு இளவரசனுக்கும் நம் பெண் தளபதிக்கும் கல்யாணம் ஆனதும் போர் நின்றுவிடுகிறது. எரிந்த ஊர்களில் இருந்தவர்கள் யாரும் பந்தலில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு அத்தியாயம் எழுதுங்கள். அந்த ஊர்களில் ஒன்றுக்கு இருவரையும் அனுப்புங்கள். அங்கே உள்ளவர்கள் அவளிடம் என்ன கேட்பார்கள், அவன் பக்கத்தில் நிற்கும்போது அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை எழுதாமல் தொடரை முடிக்காதீர்கள்.