சீசன் ஃபினாலே பற்றி உருப்படியாகக் கருத்து எழுதுவது எப்படி?

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: லாஸ்ட், வெஸ்ட்வேர்ல்ட் முதல் சீசன், ஜெரிகோ ஆகியவற்றின் முடிவுகள் கீழே வருகின்றன.)

அறிவியல் புனைவுத் தொடரின் ஃபினாலே (சீசனின் கடைசி எபிசோட்) வந்த முதல் ஒரு மணி நேரத்தில் கொட்டும் கருத்துகளில் பாதி "வேற லெவல்", மீதி "ஏமாத்திட்டாங்க". படிப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. ஏன் பிடித்தது, எங்கே சறுக்கியது என்று சொல்ல வேண்டுமானால் வேலை முந்தின நாளே தொடங்க வேண்டும்.

முதலில் அந்த சீசனின் முதல் எபிசோடையும் கடைசிக்கு முந்தைய எபிசோடையும் மறுபடி பாருங்கள். முழு சீசனும் தேவையில்லை. விடை தெரியாத கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யார் கேட்ட கேள்வி என்று குறிக்க வேண்டும். கதாபாத்திரம் வாய்விட்டுக் கேட்டிருந்தாலோ, கேமரா வேலை மெனக்கெட்டு ஒரு பொருளைக் காட்டியிருந்தாலோ அது தொடரின் கேள்வி. மற்றவை ரசிகர்கள் கிளப்பிய தியரிகள். வாரக்கணக்கில் படித்த தியரி, தொடரே கொடுத்த வாக்குறுதிபோல மனதில் பதிந்துவிடும். அது நடக்காதபோது கோபம் ஃபினாலே மேல் திரும்பும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2016-இல் வெஸ்ட்வேர்ல்டின் முதல் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வில்லியமும் கறுப்பு உடைக்காரரும் ஒரே ஆள் என்று ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தியரியைப் படித்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருப்பத்தில் அதிர்ச்சி இல்லை. நீங்களும் அப்படிப் பார்த்திருந்தால் அதைச் சொல்லிவிட்டே குறை சொல்லுங்கள்.

அதே தாளின் மறுபக்கத்தில் அந்த உலகத்தின் விதிகளை எழுதுங்கள். கடந்த காலத்தை மாற்ற முடியுமா? கருவியை யார் இயக்கலாம்? செத்தவர் திரும்பினால் பழைய நினைவு இருக்குமா? நடக்கவே முடியாததையெல்லாம் இந்த வகைக் கதையில் ரசிகர் ஏற்றுக்கொள்வார். தொடர் தானே போட்ட விதியைத் தானே மீறினால்தான் சகிக்க மாட்டார்.

பார்க்கும்போது போன் வேண்டாம், சப்டைட்டில் இருக்கட்டும். முடிந்தவுடன் மூன்று வரி எழுதி வையுங்கள், ஆனால் வெளியிடாதீர்கள். மறுநாள் கடைசி இருபது நிமிடங்களை மட்டும் மீண்டும் பாருங்கள். வசனத்தைத் தவறவிட்டு எழுதிய கருத்து எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்கு லாஸ்ட் நல்ல உதாரணம். 2010 மே 23 அன்று இறுதி எபிசோடின் பெயர்ப்பட்டியல் ஓடும்போது ஏபிசி சேனல் விமானச் சிதைவுக் காட்சிகளைச் சேர்த்தது. "விபத்திலேயே எல்லாரும் செத்துவிட்டார்கள்" என்று ஏராளமானோர் முடிவுகட்டினார்கள். நடந்ததெல்லாம் நிஜம் என்று ஜாக்கிடம் அவன் தந்தை நேராகவே சொல்லும் காட்சி அதற்குச் சற்று முன்புதான் வந்து போயிருந்தது. திரையில் தெரிவதெல்லாம் துப்பும் அல்ல: குவாண்டம் லீப் 1993-இல் முடிந்தபோது திரையில் கடைசியாகக் காட்டிய எழுத்து அட்டையில் நாயகனின் குடும்பப் பெயரிலேயே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதிலிருந்து தியரி கட்டினால் கட்டியவர் பாடுதான் திண்டாட்டம்.

இப்போது தாளை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே விடை கிடைத்ததா, வேண்டுமென்றே திறந்து விட்டார்களா, மறந்தே போனார்களா என்று குறியுங்கள். "லாஜிக் இடிக்குது" என்று எழுதும் முன் எது இடிக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடை சொல்லாதது வேறு, விதியை மீறியது வேறு, ஒரு பாத்திரம் திடீரென்று மனம் மாறக் காரணம் காட்டாதது வேறு. விதிமீறல் என்றால் அந்த விதி வந்த எபிசோடையும் அது மீறப்பட்ட நிமிடத்தையும் குறிப்பிடுங்கள். குறிப்பிட முடியாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டை நீக்கிவிடுவது நல்லது.

சீசன் ஃபினாலேவைத் தொடரின் முடிவுபோல எடைபோடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் 1990 ஜூனில் மூன்றாவது சீசனைத் தொங்கலில் விட்டது, செப்டம்பரில் பதில் வந்தது. செவரன்ஸின் முதல் சீசன் 2022 ஏப்ரலில் தொங்கலில் நின்றது. அடுத்தது வந்ததோ 2025 ஜனவரியில். காத்திருப்பு பற்றிய எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அது தயாரிப்பு அட்டவணை மீதான புகார், கதை மீதானது அல்ல. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

ஷோரன்னரின் (தொடரை முன்னின்று நடத்தும் தலைமைப் படைப்பாளியின்) பேட்டிகளை எழுதி முடித்த பிறகு படியுங்கள். விளக்கம் பேட்டியில் மட்டும் இருந்தால் அது எபிசோடில் இல்லை என்றுதான் அர்த்தம்.

தலைப்பில் தொடர், சீசன், எபிசோட் எண் போதும். முதல் இரண்டு வரிகளும் படமும் அறிவிப்பில் தானாகத் தெரிந்துவிடும் என்பதால் அங்கே எதுவும் கசியக் கூடாது. "அந்தச் சாவை எதிர்பார்க்கவே இல்லை" என்பதில் பெயர் இல்லைதான், ஆனாலும் அது ஸ்பாய்லர்தான். "ட்விஸ்ட் எதுவும் இல்லை" என்பதும் அப்படியே.

முதல் நாள் மதிப்பெண்ணை ஆதாரமாகக் காட்ட வேண்டாம். கண்விழித்துப் பார்த்த தீவிர ரசிகர்களும் கொதித்துப்போனவர்களும்தான் முதலில் வாக்களிப்பார்கள். பத்தும் ஒன்றுமாகக் குவியும். ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளம் காட்டுவதும் நேரடிச் சராசரி அல்ல, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு தராத எடையிட்ட சராசரி. ஒரு வாரம் கழித்து, முந்தைய எபிசோடின் எண்ணோடு ஒப்பிட்டால் ஓரளவு உண்மை தெரியும்.

தொங்கலில் நிற்கும்போதே தொடரை ரத்து செய்துவிட்டால், முறையிட வேண்டியது எழுத்தாளரிடம் அல்ல, முடிவெடுக்கும் சேனலிடம். 2007-இல் ஜெரிகோ ரத்தானபோது ரசிகர்கள் செய்தது அதைத்தான். சரணடையச் சொன்னதற்கு நாயகன் ஃபினாலேவில் சொல்லும் "நட்ஸ்" (நேர்ப்பொருள் 'கொட்டைகள்', அங்கே 'முடியாது' என்ற அர்த்தம்) என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, சிபிஎஸ் சேனலின் அலுவலகங்களுக்கு 20 டன்னுக்கு மேல் வேர்க்கடலை அனுப்பினார்கள். சேனல் இறங்கிவந்து இன்னும் ஏழு எபிசோடுகள் தந்தது.