உதிரும் கூரையில் விளக்கு மாட்டும் முன்

ஜிப்சம் பலகைக் கூரையிலோ, பழைய சுண்ணாம்புப் பூச்சிலோ துளையிட்டுச் சாதாரண பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி திருகாணியை முடுக்கினால், சில நாள்களிலேயே அது தளர்ந்து இறங்கத் தொடங்கும். விரியும் பிளக் சுற்றியுள்ள பொருளை அழுத்தித்தான் பிடிப்பைப் பெறுகிறது. அந்தப் பொருளே மாவாக உதிர்ந்தால் அதற்குப் பிடிமானம் ஏது?

ஆகவே, முதலில் பலகைக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்தையோ உலோகச் சட்டத்தையோ தேடுங்கள். சிறு காந்தத்தைக் கூரையோடு மெல்ல நகர்த்திச் சென்றால், பலகையைச் சட்டத்தில் பிணைத்துள்ள திருகாணித் தலைகளின் மேல் அது ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசையில்தான் சட்டம் ஓடுகிறது. வேண்டிய இடத்தில் சட்டம் இல்லையென்றால், இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு நீள மரத்துண்டைத் திருகி, அதில் விளக்கை மாட்டுவதே என் கணிப்பில் மிக நம்பகமான வழி. எடை குறைந்த பொருளுக்கு, பலகையின் மறுபுறம் இறக்கை விரித்துப் பாரத்தைப் பரப்பும் டாகிள் போல்ட் போதும்.

கான்கிரீட்டின் மேல் பூச்சு மட்டும் உதிர்கிறதென்றால், பூச்சைக் கடந்து கான்கிரீட்டுக்குள் ஆழமாக இறங்கும் நீண்ட ஆங்கரை (துளைக்குள் பிடித்து நிற்கும் ஆணியை) தேர்ந்தெடுங்கள். பூச்சைத் துளைக்கும் வரை டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி வையுங்கள். அந்த அதிர்வுதான் துளையின் விளிம்பைப் பெயர்க்கிறது. துளையிலுள்ள தூசியை முழுவதும் ஊதி வெளியேற்றிய பிறகே ஆங்கரைச் செருக வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள். மின்கம்பி செல்லும் தடத்தையும் முன்பே உறுதிசெய்து, மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மின்விசிறியை மட்டும் எந்தப் பலகையிலும் தொங்கவிடாதீர்கள். அதன் எடையோடு இடைவிடாத அதிர்வும் சேர்வதால், கான்கிரீட்டில் பதித்த கொக்கியோ உத்தரமோதான் அதைத் தாங்க வேண்டும்.