துணைக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: நல்ல மனசோடு செய்யும் தவறுகள்

கத்தாதீர்கள், பழையதைக் கிளறாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் பொங்கி உறவுகளை ஆட்டிவைக்கும் இந்த மனநலக் கோளாறு துணைக்கு இருப்பது தெரிந்த புதிதில், கணவனோ மனைவியோ நல்லது என்று நம்பிச் செய்து மாட்டிக்கொள்ளும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

கோபத்தில் எல்லை போட்டு, பாதியில் தளர்த்துவது

எத்தனை தம்பதிகளிடம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு சண்டையின் உச்சத்தில் கணவர் சொல்கிறார்: "இனி வேலை நேரத்தில் உன் போனை எடுக்கவே மாட்டேன்." மறுநாள் மனைவி பத்து முறை அழைக்கிறார். இவர் எடுக்கவில்லை. இருபதாவது அழைப்பில் மனம் இளகி எடுத்து, ஒரு மணி நேரம் சமாதானம் பேசுகிறார். பத்து போதாது, இருபது வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுத்துவிட்டார். எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம்தான் விடுவதற்கு மிகக் கடினம். மனைவி இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கைவிடப்படுவோம் என்ற பயம்தான் இந்த நோயின் மையம். அந்தப் பயம் உண்மையானது.

எல்லையை உறுதியாகப் பிடித்தால், முதலில் நடத்தை இன்னும் மோசமாகக்கூடும், பிறகுதான் தணியும். பெரும்பாலோர் சரியாக அந்த உச்சத்தில்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். அதனால் காக்க முடியாத எல்லையைப் போடவே போடாதீர்கள். "விவாகரத்து" என்ற சொல்லும் அதில் அடக்கம்.

எல்லையை அமைதியான நாளில், இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். அது உங்கள் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். "நீ கத்தக் கூடாது" என்பது வெறும் கட்டளை. "குரல் உயர்ந்தால் பக்கத்து அறைக்குப் போவேன், அரை மணி நேரத்தில் வருவேன்" என்பதே எல்லை. சொன்ன நேரத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். இல்லையென்றால் அவர் பயந்தது நடந்துவிட்டதாக ஆகிவிடும். கூடவே, சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மதியம் ஒரு மணிக்கு நீங்களே ஐந்து நிமிடம் அழையுங்கள். கேட்காமலே கிடைக்கும் கவனம் இந்தப் பயத்தை நன்றாகத் தணிக்கும்.

தற்கொலைப் பேச்சுக்கு இந்த எல்லைகள் எதுவும் பொருந்தாது. "சும்மா மிரட்டுகிறார்" என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் கூரான பொருட்களையும் அப்புறப்படுத்துங்கள், சிகிச்சையாளரையோ அவசர உதவியையோ அழையுங்கள். சண்டைக்கான தீர்ப்பை அந்த நேரத்தில் பேச வேண்டாம்.

உணர்ச்சியை ஏற்பதாக நினைத்துக் குற்றச்சாட்டை ஏற்பது

"உனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை" என்றால் ஆதாரம் அடுக்கி மறுப்பதும் எடுபடாது, "எல்லாம் என் தப்பு" என்று சரணடைவதும் எடுபடாது. "நான் தாமதமாக வந்ததும் பயந்துவிட்டாய், புரிகிறது" என்றால் போதும். விவரங்களைக் கொதிப்பு அடங்கியபின் பேசலாம்.

மாத்திரை போதும் என்று இருப்பது

இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குத்தான் மருந்து. அதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முதன்மைச் சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டிபிடி (Dialectical Behavior Therapy) என்ற பேச்சுவழிச் சிகிச்சை முறையில் வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு குழுப் பயிற்சி என்று பெரும்பாலும் ஓராண்டு போகும். வீடு கொஞ்சம் அமைதியானதும் மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது பயிற்சியில் பாதிகூட முடிந்திருக்காது.

சண்டையில் நோயின் பெயரை இழுப்பது

ஒருபோதும் வேண்டாம்.

அடியையும் நோய்க் கணக்கில் எழுதுவது

முதலில் நீங்களும் குழந்தைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இனி இப்படித்தான் என்று முடிவு கட்டுவது

பத்தாண்டுகளும் அதற்கு மேலும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், பெரும்பாலோருக்கு அறிகுறிகள் நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது போன்ற யோசிக்காமல் செய்யும் செயல்கள் முதலில் குறையும். வெறுமையும் கைவிடப்படும் பயமும் மெதுவாகத்தான் போகும். வெளியே அமைதி தெரிந்தபிறகும் உள்ளே பயம் மிச்சம் இருக்கும் என்பதை மனத்தில் வைத்தே சிகிச்சைக் காலத்தைத் திட்டமிடுங்கள்.