கழற்றி மாட்டும் ஃபின்: எது உறுதி, எது அலையில் வித்தியாசம் காட்டும்? வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

சர்ஃப் போர்டின் அடியில் துடுப்பு போல நிற்பது ஃபின். அதைக் கழற்றி மாட்டும் முறைகளில் எஃப்சிஎஸ் நல்லதா, ஃப்யூச்சர்ஸ் நல்லதா என்பது முதல் போர்டு வாங்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. இதை இரண்டாகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். அலையில் போர்டு எப்படித் திரும்புகிறது என்பதில் பெரும்பங்கு ஃபினுக்கு: அதன் உயரம், அடி நீளம், சாய்வு, குறுக்குவெட்டு வடிவம், வளையும் தன்மை. போர்டில் பதிந்து அந்த ஃபினைப் பிடித்திருக்கும் பாக்ஸின் வேலை வேறு. எவ்வளவு அடி தாங்கும், ஆட்டம் கொடுக்குமா, மோதினால் ஃபின் போகுமா போர்டு போகுமா என்பதெல்லாம் பாக்ஸைப் பொறுத்தது. உறுதியைப் பாக்ஸில் பாருங்கள், ஓட்டத்தை ஃபினில் பாருங்கள்.

உங்கள் போர்டில் இருப்பது எது?

போர்டை அடிப்பக்கம் மேலே வரும்படி ஒரு துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு ஃபினுக்கும் இரண்டு சிறிய குழிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன ஸ்க்ரூ துளை இருந்தால் அது பழைய எஃப்சிஎஸ். 1990களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதற்கு முன் பெரும்பாலான போர்டுகளில் ஃபினை ஃபைபர்கிளாஸ் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள்.

இரண்டு குழிகளும் சேர்ந்து ஒரே நீளமான பிளக்காக (குழியோடு போர்டில் பதித்த துண்டு), ஸ்க்ரூ இல்லாமலே ஃபின் ‘கிளிக்’ என்று உட்கார்ந்தால் அது எஃப்சிஎஸ் 2. ஃபினின் அடிநீளம் முழுக்க ஒரே பள்ளம், முன்முனையில் மட்டும் சாய்வாக ஒரு ஸ்க்ரூ என்றால் அது கலிஃபோர்னியாவின் ஃப்யூச்சர்ஸ். லாங்போர்டின் நடுக்கோட்டில் ஒரு சாண் நீளத்துக்கும் மேலாகப் பள்ளம் ஓடினால் அது யூஎஸ் பாக்ஸ். பெரும்பாலும் 10.5 அங்குலம் இருக்கும்.

எது எதில் பொருந்தும் என்பதில்தான் பலர் காசைத் தொலைக்கிறார்கள். பழைய எஃப்சிஎஸ் ஃபினை எஃப்சிஎஸ் 2 பிளக்கில் மாட்டலாம். அதற்கென்று விற்கும் நிரப்புத் துண்டும் ஸ்க்ரூவும் வேண்டும். எஃப்சிஎஸ் 2 ஃபின் பழைய பிளக்கில் போகவே போகாது. ஃப்யூச்சர்ஸ் இரண்டோடும் சேராது.

சரியாக மாட்டுவது

தவறாக மாட்டிய ஃபினை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. எனவே முதலில் இது.

1. பாக்ஸுக்குள் நல்ல தண்ணீர் ஊற்றி மணலையும் மெழுகையும் கழுவுங்கள். ஸ்க்ரூ தலையில் ஒரு மணல் துகள் இருந்தால் ஆலன் கீ (அறுகோணச் சாவி) முழுதாக இறங்காது. பாதி இறங்கிய கீ தலையை மழித்துவிடும்.

2. பழைய எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் இரண்டுக்கும் வேண்டியது 3/32 அங்குல ஆலன் கீ. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் சட்டென்று கிடைப்பது மில்லிமீட்டர் செட். 3/32 அங்குலம் என்பது 2.38 மி.மீ. 2.5 உள்ளே போகாது; 2 போகும், ஆனால் சுற்றிச் சுற்றித் தலையைத் தின்றுவிடும். அங்குல செட் என்று கேட்டு வாங்குங்கள்.

3. இடம் வலம் பாருங்கள். பக்க ஃபினின் வளைந்த முகம் போர்டின் விளிம்பைப் பார்க்க வேண்டும், தட்டையான முகம் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். நடு ஃபின் இரு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும். இடதும் வலதும் மாறிவிட்டால் போர்டு இழுத்துப் பிடித்தது போல ஓடும். அலை சரியில்லை என்று நினைத்துக்கொண்டே நாளைக் கழிப்பீர்கள்.

4. பழைய எஃப்சிஎஸ்: ஃபினின் அடியில் நீட்டியிருக்கும் இரண்டு பற்களையும் ஒரே சமயத்தில் நேராக இறக்குங்கள். இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். மூன்று ஃபினுக்கு மொத்தம் 6 ஸ்க்ரூ.

5. ஃப்யூச்சர்ஸ்: ஸ்க்ரூவை முதலில் நன்றாகத் தளர்த்துங்கள். ஃபினின் பின்பக்கத்தைச் சாய்வாக உள்ளே செலுத்தி, பிறகு முன்பக்கத்தை அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்குங்கள். மூன்று ஃபினுக்கு 3 ஸ்க்ரூ.

6. எஃப்சிஎஸ் 2: இங்கே எல்லாம் தலைகீழ். முன்பக்கம் முதலில் போக வேண்டும், பிறகு பின்பக்கத்தைக் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். கழற்றும்போது பின்விளிம்பைப் பிடித்து போர்டின் முன்முனையை நோக்கிச் சுழற்றித் தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டிக் கழற்றினால் பிளக்கின் வாய் தேயும்.

7. யூஎஸ் பாக்ஸ்: பள்ளத்தின் நடுவிலுள்ள அகலமான வாய் வழியாக உலோகத் தகட்டைப் போட்டு முன்னால் தள்ளுங்கள். அதே வாய் வழியாக ஃபினின் பின்பக்க ஊசியை இறக்கிப் பின்னால் நகர்த்துங்கள். ஃபின் துளையும் தகட்டுத் துளையும் நேராக வந்ததும் ஸ்க்ரூ. தகடு மணலில் விழுந்தால் அன்றைய சர்ஃபிங் அவ்வளவுதான், ஆகவே வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இறுக்கும் அளவு: கீயை இரண்டு விரலால் பிடித்து, தடை தெரிந்த பிறகு கால் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் மரை கழன்றுவிடும்.

உறுதி எங்கிருந்து வருகிறது?

ஃபின் மேல் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும்போது அதன் அடி ஒரு நெம்புகோல் முனை. கணக்குக்காக 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ தொங்குவது போன்ற விசை, அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் விழுகிறது என்று கொள்வோம். திருப்புத்திறன் 12 நியூட்டன் மீட்டர். இதைப் பாக்ஸின் சுவர்கள் தாங்க வேண்டும்: ஒரு பக்கச் சுவர் பள்ளத்தின் வாயருகே தள்ளுகிறது, எதிர்ச்சுவர் அடியருகே தள்ளுகிறது. பள்ளத்தின் ஆழம் 12.7 மி.மீ. என்றால் சுவருக்கு சுமார் 945 நியூட்டன். ஆழம் 19 மி.மீ. என்றால் சுமார் 630 தான். தோராயக் கணக்குதான், ஆனாலும் ஆழம் எவ்வளவு முக்கியம் என்று புரிந்துவிடும்.

இந்த இரண்டு ஆழங்களும் கற்பனை இல்லை. ஃப்யூச்சர்ஸ் பக்க ஃபின்களுக்கு முக்கால் அங்குல பாக்ஸ் வைக்கிறது, நான்கு ஃபின் அமைப்பின் பின் இரண்டுக்கு அரை அங்குலம். வாலருகே போர்டு மெலிந்துவிடுகிறது, அங்கே ஆழமாகத் தோண்ட இடமில்லை. அந்த ஃபின்களும் சிறியவை என்பதால் அரை அங்குலம் போதும்.

அடுத்தது நீளம். நடுத்தர அளவு ஃபினின் அடி சுமார் 11 செ.மீ. ஃப்யூச்சர்ஸில் அந்த நீளம் முழுக்க பாக்ஸ் இருக்கிறது, பாக்ஸின் ஓரத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் போர்த்தப்பட்டிருக்கிறது. பழைய எஃப்சிஎஸ்ஸில் அத்தனை பாரமும் இரண்டு சின்ன பிளக்குகளில் இறங்குகிறது. ஆகவே தண்ணீரின் தள்ளுதலை மட்டும் பார்த்தால் ஃப்யூச்சர்ஸ் கை ஓங்கியே இருக்கிறது. எஃப்சிஎஸ் 2 நடுவில் வரும்: பிளக் ஒரே உடலாக, பெரிதாக இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் பிடியில் மெல்லிய ஆட்டம் வரலாம். அதிலும் ஸ்க்ரூ போட இடம் உண்டு. ஆட்டம் தொந்தரவு செய்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பாறையில் மோதும்போது மட்டும் கணக்கு மாறுகிறது. பழைய எஃப்சிஎஸ்ஸில் பெரும்பாலும் ஃபினின் பல் ஒடியும், போர்டு பிழைக்கும். எஃப்சிஎஸ் 2 ஸ்க்ரூ இல்லாமல் இருந்தால் சில சமயம் ஃபின் முழுசாகக் கழன்று கடலுக்குப் போகும். ஃப்யூச்சர்ஸில் ஃபின் விடாது, பாக்ஸும் எளிதில் விடாது. விட்டால் கூடவே ஒரு துண்டு ஃபைபர்கிளாஸையும் பிய்த்துக்கொண்டு வரும். கோவளம், மாமல்லபுரம் பக்கம் மணலில் தரைதட்டிக் கற்பவருக்கும், இலங்கையின் அறுகம்பே பாறைத்தளத்தில் இறங்குபவருக்கும் இதனால்தான் ஒரே பதில் சொல்ல முடிவதில்லை.

வீட்டுச் சோதனை: ஃபின் வளைகிறதா, பாக்ஸ் ஆடுகிறதா?

வேண்டியவை: பெஞ்ச் வைஸ், இரண்டு மெல்லிய மரத்துண்டு, நூல், 250 கிராம் எடை ஒன்று, 1 கிலோ எடை ஒன்று, மி.மீ. அளவுகோல், மாஸ்கிங் டேப்.

முதலில் ஃபினை மட்டும் சோதியுங்கள். மரத்துண்டுகளுக்கு நடுவே பற்களை மட்டும் வைஸில் பிடியுங்கள். ஃபின் படுத்தவாக்கில் இருக்கட்டும். நுனியிலிருந்து 2 செ.மீ. உள்ளே டேப் ஒட்டி, அதன் மேல் நூலைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நூல் வழுக்கும். 250 கிராமைத் தொங்கவிட்டு நுனியின் உயரத்தைக் குறியுங்கள். அதோடு 1 கிலோவைச் சேர்த்து மீண்டும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஃபினின் வளைவு.

அடுத்து அதே ஃபினைப் போர்டில் மாட்டுங்கள். போர்டைத் தலையணைகளுக்கு நடுவே விளிம்பில் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, அதே இடத்தில் அதே எடைகளைத் தொங்கவிடுங்கள். பக்க ஃபின் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் தொடக்க உயரம் மாறும். கவலை வேண்டாம், நகர்ந்த தூரம் மட்டும்தான் நமக்கு வேண்டும்.

எடுத்துக்காட்டாக வைஸில் 9 மி.மீ., போர்டில் 12 மி.மீ. என்று வந்தால் அந்த 3 மி.மீ. பாக்ஸின் நெகிழ்வு. எடையே போடாத நிலையிலிருந்து 250 கிராமுக்குப் போகும்போதே நுனி சட்டென்று அதிகமாக இறங்கினால் அது நெகிழ்வு இல்லை, ஆட்டம். ஸ்க்ரூவை இறுக்கி மறுபடி பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் பல்லின் பக்கத்தில் ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டினால் அடங்கும். அதிலும் அடங்காதது பிளக் தளர்ந்ததன் அடையாளம்.

2 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். உடையும்வரை ஏற்றிப் பார்ப்பது சோதனைச்சாலை வேலை.

தண்ணீரில் ஒப்பிடும்போது

இரண்டு பாக்ஸ் முறைகளை ஒப்பிடுகிறோம் என்று இரண்டு வெவ்வேறு போர்டில் ஏறினால் நீங்கள் ஒப்பிடுவது போர்டுகளைத்தான். ஒரே போர்டில், ஒரே நாளில், ஒரு செட் ஃபினில் ஐந்தாறு அலை, கரைக்கு வந்து அடுத்த செட்டில் ஐந்தாறு, பிறகு பழையபடி முதல் செட்டில் சில அலை. கடைசிச் சுற்று முக்கியம்: அதற்குள் காற்றோ நீர்மட்டமோ மாறியிருந்தால் முதல் செட்டே வேறு மாதிரி ஓடும், அப்போது மற்ற முடிவையும் நம்ப வேண்டாம்.

அளவு முதலில் சரியாக இருக்க வேண்டும். எஃப்சிஎஸ் அட்டவணைப்படி 55 முதல் 70 கிலோ ஆளுக்கு சிறியது, 65 முதல் 80 வரை நடுத்தரம், 75 முதல் 90 வரை பெரியது. எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். கற்கிறவர்கள் பெரிய பக்கம் போகலாம், பிடிமானம் கூடும். நெகிழும் ஃபின் பொறுமையாகத் திரும்பும், தவறை மன்னிக்கும். விறைப்பானது உடனே பதில் சொல்லும், வேகத்தில் நன்றாகப் பிடிக்கும். பக்க ஃபின் வெளிப்பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்பது எஃப்சிஎஸ்ஸில் பிளக்கிலேயே அமைகிறது, ஃப்யூச்சர்ஸில் ஃபினிலேயே வருகிறது; இரண்டையும் ஒப்பிடும்போது இது கண்ணில் படாமல் போகும்.

முன்பின் நகர்த்திப் பார்க்க வேண்டுமானால் யூஎஸ் பாக்ஸை விட்டால் மற்ற மூன்றிலும் வழியில்லை. முன்னால் தள்ளினால் போர்டு லகுவாகத் திரும்பும், பின்னால் தள்ளினால் நேர்கோட்டில் நிற்கும். ஒரு தடவைக்கு 6 மி.மீ. நகர்த்தினால் போதும்.

பிளக்கைச் சுற்றி விரிசல் வந்தால்

மாதம் ஒரு முறை ஃபினைக் கழற்றி, பாக்ஸைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினாலோ பழுப்புக் கறை இருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஃபினை மாட்டி, அடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டு மெல்ல ஆட்டுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

விரிசல் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் பல நாள் காயவிடுங்கள். பிறகு 80 எண் உப்புத்தாளால் சுற்றிலும் 3 செ.மீ. தேய்த்து, மெல்லிய ஃபைபர்கிளாஸ் துணியும் ரெசினும் போடலாம். போர்டின் உள்நுரை என்ன என்று கேட்டுக்கொண்டு ரெசின் வாங்குங்கள்: தெர்மாகோல் வகை நுரையானால் எபாக்சி மட்டும்தான், பாலியஸ்டர் பட்டால் நுரை கரைந்து குழியாகிவிடும். பாக்ஸே கையால் ஆட்டினால் ஆடுகிறது என்றால் துணி ஒட்டிப் பயனில்லை. பழையதைத் தோண்டி எடுத்துப் புதியது வைக்க வேண்டும், அதற்குக் குழி குடையும் ரூட்டர் கருவியும் அச்சுச் சட்டமும் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.