வலியால் தூக்கம் கெட்டவர்கள் அக்குபஞ்சருக்குப் போவது எப்படி

நாள்பட்ட இடுப்பு வலி இருப்பவர்களுக்குத் தெரியும், பகலை எப்படியோ ஓட்டிவிடலாம், ராத்திரிதான் பெரும்பாடு. புரண்டு படுத்தால் சுருக்கென்று குத்தும், முழிப்பு வந்துவிடும், அப்புறம் மணி பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். மறுநாள் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் தூக்கம் குறையக் குறைய உடம்பு வலியைத் தாங்கும் அளவும் குறைகிறது. இந்தச் சுழலில் பல வருடம் கிடந்து, கடைசியில் அக்குபஞ்சருக்குப் போனவள் நான். போவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். வலியோடு காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிக்கல் என்று ஏதாவது இருந்தால் ஊசி குத்திக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுகிறவர்களுக்கும் பிரச்சினை வலியாக மட்டும் இருக்காது.

அடுத்தது ஒரு நோட்டு. சிகிச்சை தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் காலையில் நாலு விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள், வலி பத்துக்கு எவ்வளவு. இதைச் செய்யாமல் போனால், பிறகு குணம் தெரிகிறதா இல்லையா என்று உங்களாலேயே சொல்ல முடியாது. நல்லாத் தூங்கிய ஒரு ராத்திரியை நினைத்துக்கொண்டு பணம் கட்டிக்கொண்டே இருப்போம்.

உண்மையில் வேலை செய்யுமா? வலிக்கு ஓரளவு செய்கிறது. ஜெர்மனியில் 1,162 இடுப்பு வலிக்காரர்களை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் கழித்து, ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் 48 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் இங்கேதான் குத்த வேண்டும் என்று அக்குபஞ்சர் சொல்லும் புள்ளிகளை விட்டு, வேறு இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்திருக்கிறது! அதனால் 'எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியப் புள்ளி' என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் நம்பாதீர்கள். தூக்கமின்மைக்கு என்று பார்த்தால் ஆதாரம் இதைவிடப் பலவீனம். வலி குறைந்து அதன் வழியாகத் தூக்கம் சரியாகும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

யாரிடம் போவது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். நம் ஊரில் பிஎன்ஒய்எஸ் என்று ஐந்தரை வருடம் படித்த இயற்கை மருத்துவர்கள் இருக்கிறார்கள், அங்கே விசாரியுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. உறை பிரிக்காத, ஒரே முறை பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். நான் முதலில் போன ஓர் இடத்தில் நாடி பிடித்து, ஒரு விரலால் தொட்டுவிட்டு, பிரஷர் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் உண்டா, கர்ப்பமா, சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைவா, இதையெல்லாம் ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும். ஊசி முடி மாதிரி மெல்லியது, மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு என்று குத்தி இருபது முப்பது நிமிடம் விடுவார்கள். லேசான கனமோ கூச்சமோ தெரியும், சிலருக்கு அங்கேயே கண் சொருகும். அதனால் முடித்த உடனே வண்டி ஓட்ட வேண்டாம். குத்திய இடம் கன்றிப்போனால் பயப்பட ஒன்றுமில்லை. நெஞ்சு, மேல் முதுகுப் பக்கம் குத்திய பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ மட்டும் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், ஊசி நுரையீரலில் படுவது அபூர்வம்தான், ஆனால் நடக்கக்கூடியது.

வாரம் ஒன்றிரண்டு முறை, மொத்தம் ஆறிலிருந்து எட்டு முறை, அவ்வளவுதான் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முழு பேக்கேஜுக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

கூடவே ராத்திரிப் பழக்கத்தையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் நீண்டகாலத் தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி-ஐ (CBT-I) என்கிற பயிற்சியைத்தான். அதன் சாரத்தில் பாதியை வீட்டிலேயே தொடங்கலாம். எப்போது தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு இறங்கி மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் திரும்பப் போய்ப் படுங்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும்.

எட்டாவது முறை முடிந்ததும் நோட்டை எடுத்து முதல் இரண்டு வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு நாலு முறை விழித்தது இரண்டாகக் குறைந்திருந்தது, வலி ஏழிலிருந்து ஐந்து. அதனால் தொடர்ந்தேன். உங்கள் நோட்டில் எண்கள் அசையவே இல்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை பிசியோதெரபிக்குக் கொடுங்கள்.