பாசிக்குள் மென்புழு: முள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராடு, ரீல், புழுவின் நிறம் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட, தூண்டில் முள் என்று வந்ததும் கடையில் முதலில் கைக்குக் கிடைக்கும் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். திறந்த தண்ணீரில் இது பெரிய குறையாகத் தெரியாது. பாசிக்குள் சிறிய பிளாஸ்டிக் புழுவை மெல்லிய நரம்பில் கட்டி லார்ஜ்மவுத் பாஸ் என்ற அமெரிக்க நன்னீர் மீனைப் பிடிக்க நினைத்தால், தவறான முள்தான் மீனைத் தப்பவிடும் முதல் காரணம்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் 1949இல் நிக் கிரீம் என்பவர் பிளாஸ்டிக்கில் புழு வார்த்தார். முள்ளின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட்டால் பாசி, கட்டை, கிளை எதிலும் மாட்டாமல் இழுக்கலாம் என்ற வழி பின்னர் வந்தது. டெக்ஸஸ் ரிக் என்பது இதுதான். தெற்கு மாநிலங்களில் இதற்குத் தேவையும் இருந்தது. ஃபுளோரிடா ஏரிகளை மூடிக் கிடக்கும் ஹைட்ரில்லா பாசி, 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகத்துக்காக இலங்கையிலிருந்து போன செடி. நம் குளத்துப் பாசியேதான். அதற்குள் பதுங்கியிருக்கும் பாஸ் மீனைத் தொடவேண்டுமானால் முள் மறைந்திருக்க வேண்டும்.

ஃபினெஸ் என்பது இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. தண்ணீர் தெளிந்து, மீன் உஷாராக இருக்கும்போது நான்கு, ஐந்து அங்குலப் புழு, 6 முதல் 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, ஸ்பின்னிங் ரீல், வளையும் ராடு, இரண்டு மூன்று கிராம் ஈயம் என்று எல்லாவற்றையும் குறைத்துக்கொள்கிறோம். இரண்டையும் சேர்க்கும்போதுதான் சிக்கல். மறைத்த முள் முதலில் பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வரவேண்டும், அப்புறம் மீனின் தாடையில் ஏறவேண்டும். வேலை இரட்டிப்பு, கையில் இருக்கும் பலமோ பாதி. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கை மறப்பதால் வருபவை.

தடித்த கம்பி

மிகுதியாக நடக்கும் தவறு இது. மீன் பெரியது, பாசியும் இருக்கிறது, தடித்த முள்தான் பாதுகாப்பு என்று தோன்றும். நம் ஊரில் தவளை லூர் (தவளை வடிவப் போலி இரை) போட்டு விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் வலுவாக இருக்கும். அங்கே கெட்டியான ராடும் கனமான பிரெய்டு (பின்னல்) நரம்பும் இருப்பதால் எவ்வளவு தடித்த முள்ளையும் சுண்டி ஏற்றிவிடலாம். ஃபினெஸ் அமைப்பில் அது நடக்காது. நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராகை, அதாவது ரீல் நரம்பைப் பிடித்துவைக்கும் இறுக்கத்தை, வைப்பார்கள். 8 பவுண்டு நரம்பென்றால் இரண்டு, இரண்டரை பவுண்டு இழுவைக்கே ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கத் தொடங்கும். ராடு வளைந்து மேலும் கொஞ்சம் பலத்தை விழுங்கும். மிச்சமிருக்கும் பலத்தில் தடித்த கம்பி தாடையில் பாதிதான் ஏறும், முனைக்குப் பின்னால் உள்ள எதிர்முள் வெளியிலேயே நின்றுவிடும். மீன் ஒருமுறை துள்ளித் தலையை உதறினால் போதும், கழன்றுவிடும். இப்படித் தப்பியதை மீன் சரியாகக் கடிக்கவில்லை என்று பலர் தவறாகக் கணக்கு வைக்கிறார்கள்.

ஆகவே கம்பியின் தடிமனை மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நரம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 6 முதல் 10 பவுண்டு வரை மெல்லிய கம்பி முள். 12, 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்புக்கு நடுத்தரம். அதற்கு மேல், கெட்டி ராடும் பிரெய்டும் வரும்போதுதான் தடித்த கம்பி. பாக்கெட்டிலேயே லைட் வயர், ஃபைன் வயர் என்று போட்டிருக்கும். கமகாட்சு நிறுவனத்தின் சூப்பர்லைன் வகை முட்கள் பிரெய்டுக்கென்றே தடித்த கம்பியில் செய்தவை. நல்ல முட்கள்தான், ஆனால் இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மெல்லிய முள்ளை 30 பவுண்டு பிரெய்டில் கட்டி, டிராகை இறுக்கிவைத்து பாசியோடு மீனை இழுத்தால் முள் நிமிர்ந்துவிடும். அப்படி அடர்ந்த பாசி என்றால் அது ஃபினெஸுக்கான இடமே இல்லை. ஃபினெஸ் முறை பாசியின் ஓரத்துக்கும் அதன் நடுவே உள்ள இடைவெளிகளுக்கும் மேலே படர்ந்த சன்னமான பாசிக்கும் ஏற்றது.

வளைவும் வாயும்

மறைத்துக் கட்டும் முட்களில் நரம்பு கட்டும் காதை அடுத்து இசட் போல ஒரு மடிப்பு இருக்கும். புழுவின் தலை அங்கேதான் உட்காரும். இவற்றை ஆஃப்செட் முள் என்பார்கள். இதில் இரண்டு பெரும் வகை. ஒன்று சாதாரண வட்ட வளைவு. இன்னொன்று இ.டபிள்யூ.ஜி எனப்படும், வாய் மிக அகன்ற வகை. கடைகளில் இரண்டாவதுதான் அதிகம் தொங்குகிறது, அதனால் எல்லாப் புழுவுக்கும் அதையே கட்டுகிறார்கள்.

அகன்ற வாய் ஏன் வேண்டும் என்று பாருங்கள். மீன் கடிக்கும்போது புழுவின் உடம்பு நசுங்கி, தண்டுக்கும் முனைக்கும் இடையே ஒதுங்க வேண்டும். அப்படி ஒதுங்கிய பிறகும் தாடை நுழைய இடம் மிஞ்ச வேண்டும். செங்கோ போன்ற தடித்த குச்சிப் புழுவுக்கு இந்த இடம் தேவை. அதனால்தான் ஐந்து அங்குலச் செங்கோவுக்கு 3/0 அல்லது 4/0 அகன்ற வாய் முள் பொருந்துகிறது. பென்சிலைவிட மெலிந்த ஃபினெஸ் புழுவில் ஒதுங்குவதற்கே ஒன்றுமில்லை. அங்கே அகன்ற வாய் முள்ளைப் போட்டால் வளைவு புழுவின் வயிற்றுக்குக் கீழே தொங்கிக்கொண்டு பாசியை வாரும், புழுவும் கோணலாகும். இன்னொரு குறையும் உண்டு. இ.டபிள்யூ.ஜி முள்ளின் முனை கிட்டத்தட்டக் காதின் நேர்கோட்டில் நிற்பதால் அதன் பிடிகோணம் சிறியது. வட்ட வளைவில் முனை சற்று விலகி நிற்பதால், மெல்லிய புழுவில் குறைந்த பலத்திலேயே பிடித்துக்கொள்கிறது. மெலிந்த புழுவுக்கு நான் எப்போதும் சொல்வது வட்ட வளைவுதான்.

சோதிப்பது எளிது. புழுவைக் கட்டியபின் முனைக்கு நேரே உள்ள உடம்பை விரலால் தண்டை நோக்கி அழுத்துங்கள். முனை தடையில்லாமல் வெளியே வந்து, பிளாஸ்டிக்குக்கும் முனைக்கும் நடுவே தெளிவாக இடம் தெரிந்தால் சரி. முனை எட்டிப் பார்த்து நின்றுவிட்டால் வாய் போதவில்லை.

எண்ணை மட்டும் நம்புவது

முள்ளின் எண்கள் புதியவர்களைக் குழப்பும். 1, 2, 4 என்று எண் கூடினால் முள் சிறுக்கும். 1/0, 2/0, 3/0 என்று போனால் பெருக்கும். இது தெரிந்த பிறகும் ஏமாற இடமுண்டு. எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒரு நிறுவனத்தின் 2/0 இன்னொரு நிறுவனத்தின் 1/0 அளவில் இருக்கலாம். நான்கு அங்குலத்துக்கு 1 அல்லது 1/0, ஆறு அங்குல மெலிந்த புழுவுக்கு 1/0 அல்லது 2/0, ஏழு அங்குலத்துக்கு 3/0 என்பது ஒரு தொடக்கம் மட்டுமே. கடையிலேயே முள்ளைப் புழுவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவு தலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் கம்பி உடம்பை விறைக்க வைத்துவிடும், நெளிவதற்கு வால் மட்டுமே மிஞ்சும்.

காதையும் கவனியுங்கள். சில முட்களில் காது முழுதாக மூடாமல் மயிரிழை இடைவெளி இருக்கும். மெல்லிய நரம்பு அதில் நழுவி அறுந்துபோகும்.

கட்டும்போது கெடுப்பது

சரியான முள்ளை வாங்கியும் முனையைப் புழுவின் நடுவே ஆழமாகப் புதைத்துவிட்டால் பயனில்லை. முனையை உடம்பின் மறுபக்கம் முழுதாக வெளியே கொண்டுவந்து, பிறகு மேல்தோலுக்குள் நுனி மட்டும் மறையும்படி செருகுங்கள். பாசி சிக்காது, லேசாக இழுத்தாலே வெளிப்படும். புழு முள்ளின்மேல் நேராகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் முறுகியிருந்தாலும் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

புழுவை நடுவில் குத்தும் வாக்கி முறைக்கும், தலையில் ஆணி ஈயம் செருகும் நெக்கோ முறைக்கும் ஆஃப்செட் முள் ஆகாது. இவற்றுக்கு முனைக்கு முன்னால் மெல்லிய காவல் கம்பியோ நரம்போ வைத்த முள் உண்டு. அந்தக் காவல் விரல் நுனியால் லேசாகத் தொட்டதும் மடங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பாசியோடு மீனையும் சேர்த்துத் தடுக்கும். அப்புறம், பாசியே இல்லாத இடத்தில் முனையை மறைக்க வேண்டியதில்லை. ஈயம் கீழேயும் முள் அதற்கு மேலேயும் இருக்கும் டிராப் ஷாட்டில் சிறிய முள்ளைப் புழுவின் மூக்கில் குத்தித் திறந்தே விடுங்கள்.

மழுங்கிய முனையைத் தொடர்ந்து பயன்படுத்துவதும் சின்னத் தவறில்லை. முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இழுத்தால் பிடிக்க வேண்டும், வழுக்கினால் முள்ளை மாற்றுங்கள். உப்புச் சேர்த்து வார்த்த புழுக்களை முள்ளோடு பெட்டியில் விட்டுவிட்டால் சில நாளில் துரு ஏறும்.

கடைசியாக, சுண்டும் விதம். தவளை லூருக்குச் செய்வதுபோல் ஓங்கி வெட்டினால் நரம்பு அறும். தொய்வைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் ஒரே சீராக இழுங்கள்.

வாங்கிய முள் உங்கள் ராடுக்குப் பொருந்துமா என்பதை ஏரிக்குப் போகாமலே பார்க்கலாம். புழுவோடு முள்ளைக் கட்டி, தடித்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் முனையைப் பிடிக்கவைத்து, வழக்கமான டிராகில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று இழுங்கள். யாரும் முள் பக்கம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்முள் அட்டைக்குள் போயிருந்தால் அந்த முள்ளோடு போகலாம். போகவில்லையென்றால் இன்னும் மெல்லிய கம்பியில் ஒரு பாக்கெட் வாங்குங்கள்.