நடுக்கோட்டைத் தாண்டும் நரம்பு: முன்வாசலில் ஒரு பாடம்

என் தம்பி வலது கையால் எழுதும்போது இடது கை விரல்களும் கூடவே அசையும். அதற்காகப் பள்ளியில் அடி வாங்கியிருக்கிறான். நரம்புகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று நான் தேடிப் படித்ததே அவனால்தான். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷன் வரும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இதை முன்வாசல் சிமெண்டுத் தரையில் விளையாட்டாகச் சொல்லித்தருகிறேன். நான்கு பிள்ளைகள், சோக்கட்டி, ஒரு துண்டு, ஓர் அட்டை போதும்.

முதலில் ஆளுயரத்துக்கு ஒரு முட்டை வடிவம் வரையுங்கள். கருவின் தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் தோற்றம் இது. மேல் முனை முதுகுப் பக்கம், கீழ் முனை வயிற்றுப் பக்கம். மேலிருந்து கீழாக ஒரு நடுக்கோடு. இடது மேல் பகுதியில் ஒரு பிள்ளையைக் கண்ணைக் கட்டி நிறுத்துங்கள். அவள்தான் வளரும் நரம்பிழையின் நுனி. கீழ் முனைக்கு வந்து, கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் போக வேண்டும்.

அவளை அழைப்பது நெட்ரின் என்ற புரதம். 1994-ல் நரம்பியல் ஆய்வாளர் டெசியர்-லவீனின் குழு ஆயிரக்கணக்கான கோழிக்கருக்களின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. வழிநடத்துபவர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர். நேதாஜியின் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இதை மறப்பதே இல்லை.

இரண்டாவது பிள்ளை கைதட்டட்டும், அதுதான் நெட்ரின். அவனைக் கீழ் முனையிலேயே நிறுத்திவிடாதீர்கள். வழிநெடுக உள்ள முன்னோடிச் செல்கள் விட்டுச்செல்லும் நெட்ரினும் மிக முக்கியம் என்று 2017-ல் வந்த எலி ஆய்வுகள் காட்டின. எனவே அவன் ஓரமாகக் கூடவே நடந்து தட்டட்டும். அதைக் கேட்கும் அவள் காதுதான் டிசிசி, அதாவது நரம்பு நுனியில் நெட்ரினை உணரும் ஏற்பிப் புரதம். (மேல் முனையிலிருந்து பிஎம்பி புரதம் தள்ளிவிடுவதும் உண்டு, முதல் முறை அதை விட்டுவிடலாம்.)

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கீழ் முனையில் மூன்றாவது பிள்ளை "போ, போ" என்று விரட்ட வேண்டும். அது ஸ்லிட் என்ற புரதம். விரட்டும் இடத்தை நரம்பு எப்படித் தாண்டும்? அவள் கையில் "ரோபோ3" என்று எழுதிய அட்டையைக் கொடுங்கள், அது நரம்பிழையிலேயே இருக்கும் ஒரு புரதம். அட்டை இருக்கும்வரை "போ" காதில் விழாது. கோட்டைத் தாண்டியதும் பிடுங்கிவிடுங்கள். இப்போது விரட்டல் கேட்கும், கைதட்டல் கேட்காது. திரும்பி வர வழியே இல்லை.

தாண்டிய நரம்பு அடுத்துத் தலைப்பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு நான்காவது பிள்ளை பெஞ்சின்மேல் நின்று "வா" என்று கூப்பிட வேண்டும். அது டபிள்யுஎன்டி குடும்பப் புரதம். தலைப்பக்கம் என்பது இந்தப் படத்தில் தரைக்கு மேலே, ஆகவே அவள் கையை உயர்த்தினால் போதும்.

சரி, இப்போது கெடுத்துப் பாருங்கள். அட்டையே கொடுக்காவிட்டால் கோட்டருகே நின்றுவிடுவாள். ரோபோ3 மரபணு பழுதானவர்களுக்குக் கண்களைப் பக்கவாட்டில் அசைக்க முடியாது, முதுகெலும்பும் வளையும். 2004-ல் கண்டுபிடித்தார்கள். அடுத்து காதில் பஞ்சு வையுங்கள், பாதி வழியில் தடுமாறுவாள். டிசிசி பழுதானால் ஒரு கை செய்வதை மறு கையும் செய்யக்கூடும் என்று 2010-ல் தெரியவந்தது.

தம்பிக்கும் அதுதானா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் போன தைப்பூசத்துக்கு வந்தவன் பிள்ளைகளின் ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை ஆடச் சொல்லுக்கா" என்றான்.